டிசம்பர் 26: சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கரைத்தெரு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கடலோரக் கிராமத்து நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஏழாம் வகுப்பு, 31 பிள்ளைகள். பாதிக்கு மேல் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். 2004ல் இவர்களில் ஒருத்தர்கூடப் பிறக்கவில்லை.

டிசம்பர் 26 எப்போதும் அரையாண்டு விடுமுறையில் வந்துவிடும். அதனால் கடைசிப் பரீட்சை அன்று காலை பிரேயரில் பத்து நிமிஷம் பேசும்படி எச்.எம். சொல்லியிருக்கிறார். வழக்கமாக ஒரு நிமிஷம் மௌனம், யாராவது ஒரு கவிதை, அவ்வளவுதான். இந்த வருஷம் அதோடு முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

போன வாரம் வகுப்பில் பேச்சு வந்தபோது ஒரு பையன் கேட்டான்: "கஜாவுக்கு எங்க வீட்டு ஓடெல்லாம் போச்சு டீச்சர். சுனாமி அதைவிடப் பெருசா?" அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அவன் குழந்தை. அந்த ராத்திரி பெஞ்சுக்கு அடியில் அம்மா மேலே படுத்துக்கொண்டதுதான் அவனுக்குத் தெரிந்த பேரிடர். "ஆமாம், ரொம்பப் பெருசு" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, தன் ராத்திரிக்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிட்ட மாதிரி. அன்றையிலிருந்து அந்த முகம் கண்ணிலேயே நிற்கிறது.

அதே வாரம் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் என் அத்தை மகன் எழுதினார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். "வங்காளப் பஞ்சத்துல 30 லட்சம் பேர் பட்டினியில செத்தாங்க. அவங்களுக்கு எந்தக் கரையில நாம மெழுகுவத்தி ஏத்துறோம்? வருஷா வருஷம் அதே போட்டோ, அதே அழுகை. போதும்." வேறு யாராவது எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்குப் போனது அவருடைய அம்மா. அவரிடம் என்ன சண்டை போட?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது 11 வயது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ரோட்டோர அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன், அதனால் இருக்கிறேன். அத்தை மீன் ஏலத்துக்குப் போகும்போது நாலு வயதுத் தம்பி கூடவே வருவேன் என்று அழுததால் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்பது மணி வாக்கில் சத்தம் கேட்டது. "கடல் வருது, கடல் வருது" என்றுதான் எல்லோரும் கத்தினார்கள். சுனாமி என்ற சொல்லே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அதை நான் முதல்முதலாகக் கேட்டது நிவாரணத்துக்காகத் தங்கியிருந்த கல்யாண மண்டபத்தில், யாரோ வைத்திருந்த ரேடியோவில்.

அத்தையைப் பொதுக்குழியில் அடக்கம் செய்தோம். தம்பி "காணாமல் போனவர்" பட்டியலோடு நின்றுவிட்டான். ஒன்பது நாள் கழித்துச் சீமைக் கருவேலங்காட்டில் அத்தையின் அலுமினிய அன்னக்கூடை கிடைத்தது. ஒரு பக்கம் உள்ளே மடங்கி, விளிம்பில் மணல் ஏறி இறுகிப் போயிருந்தது. அடியைத் துடைத்துப் பார்த்தபோது புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பேர் தெரிந்தது. அதில் ஒரே ஒரு எழுத்துதான் நசுங்கியிருந்தது. அப்பா கருங்கல்லால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். இன்றைக்கும் அம்மா அதில்தான் அரிசி ஊறவைக்கிறார்.

எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். தமிழ்நாடு முழுக்கச் சுமார் 8,000. உலகம் முழுக்க 2,20,000 பேருக்கு மேல். இந்த எண்களைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் எழுதி மனப்பாடம் செய்துகொள்வார்கள், வேறு ஒன்றும் நடக்காது. எங்கள் துக்கம் ஒன்றுதான் துக்கம் என்பது போலவும் பேசக் கூடாது. பெரிய எண் ஒன்றைக் காட்டி எங்கள் துக்கத்தைச் சின்னதாக்கவும் கூடாது. இந்தப் பத்து நிமிஷத்தை நீங்களாக இருந்தால் எப்படி வைத்துக்கொள்வீர்கள்?

துறைமுகத்துப் பழைய ஆள்:

டீச்சரம்மா, நான் துறைமுக வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வயது 71. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பெரிய நிலநடுக்கம் வந்தது. அதனால் எழுந்த சுனாமி வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த ஓதமானிகளில், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதைத் தாளில் கோடாக வரையும் கருவிகளில், பதிவானது. அதில் ஒன்று நாகப்பட்டினத்தில் இருந்தது. உங்கள் ஊரில், அம்மா. ஒரு மீட்டர்கூட எழாத அலைதான், யாருக்கும் பெரிய சேதம் இல்லை, ஆனால் தாளில் கோடு ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து 1883 ஆகஸ்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது அதே நாகப்பட்டினக் கருவி மறுபடியும் கோடு போட்டது. 2003ல் இரண்டு ஆய்வாளர்கள் 1881ஆம் வருஷத்துத் தாள்களை எடுத்து, அந்த நடுக்கம் எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். 2003! அடுத்த வருஷம் டிசம்பரில் கடல் வந்தது. தாளுக்குத் தெரிந்திருந்தது, கரைக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று. சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு, நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. 1907ல் அங்கே ஒரு சுனாமி வந்து நிறையப் பேரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பேர் வைத்து, கதையாகவும் பாட்டாகவும் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு. அவ்வளவுதான் செய்தி. 2004ல் தீவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் 7 பேர். கருவி இல்லை, சைரன் இல்லை, பாட்டி சொன்ன சொல் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்பதை மட்டும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். கடலடித் தட்டு கிழக்கே அமிழ்ந்து மேற்கே உயர்ந்ததால், தாய்லாந்துப் பக்கம் முதலில் தண்ணீர் பின்வாங்கியது. நம் பக்கம் முதலில் ஏறி வந்தது. உள்வாங்கியது அலைகளுக்கு நடுவில். முதல் அலை வடிந்ததும் ஆளைத் தேடியும் சாமானைத் தேடியும் கரைக்குத் திரும்பிப் போனவர்கள் அடுத்ததில் மாட்டினார்கள், அடுத்தது இன்னும் பெரிது. எனவே இரண்டு செய்தி சொல்லுங்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக என்ன செய்தாலும் ஓடு. ஒரு அலையோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பாதே.

நடுக்கம் காலை 6.29க்கு. உங்கள் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணியை ஒட்டி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, அம்மா. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். 2007ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11ல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நடுக்கம் வந்தபோது உடனே செய்தி போய், கரை மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். தட்டுகள் பக்கவாட்டில் நழுவிய நடுக்கம் என்பதால் பெரிய அலை எழவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் திட்டினார்கள். வீணே இல்லை.

போட்டுக்காரன்:

அக்கா, நான் அக்கரைப்பேட்டை. சுனாமி அப்போ எனக்கு 15 வயசு. ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனா யார் செத்தாங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.

எங்க அப்பா அன்னைக்கு முப்பது பாகம் ஆழத் தண்ணில, அம்பது மீட்டருக்கு மேல ஆழம், மீன் பிடிச்சிட்டு இருந்தாரு. போட்டை யாரோ மெதுவா தூக்கி மெதுவா இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சாம். வலையைப் பிடிச்சவங்க கையைக்கூட விடல. கரைக்கு வந்தா கரையைக் காணோம். பாலத்துக்கிட்ட விசைப்படகுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்துச்சு. ஆழத்துல இருந்த ஆம்பளைங்க பொழச்சுட்டாங்க. கரைல நின்னது யாரு? ஏலத்துக்குக் கூடையோட நின்ன பொம்பளைங்க, லீவு நாள்னு மணல்ல கிரிக்கெட் ஆடுன பசங்க. பொம்பளைங்களுக்கு நீச்சலும் தெரியாது, ஓடுனா சேலை கருவ முள்ளுல மாட்டிக்கிச்சு. எங்கம்மாவை அப்படித்தான் கண்டோம். கடலுக்குப் போறவன் வீட்ல பொம்பளப் புள்ளைக்கு நீச்சல் சொல்லித் தரக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லுச்சு? என் பொண்ணுக்கு நான் சொல்லிக் குடுத்துட்டேன்.

இன்னொண்ணு. நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்காது, ஆனா சொல்றேன். குப்பத்துக்கு லாரி லாரியா சாமான் வந்துச்சு. உள்ள வயல்ல கூலிக்குப் போற சேரி சனத்துக்கு அப்படி வரல. நெலம் உப்பு ஏறிப் போச்சு, வேலை இல்ல, அவங்க படகு வச்சிருக்கலன்னு நிவாரண லிஸ்ட்ல கடைசிலதான் பேரு. முகாம்ல தனியா ஒதுக்குன இடமும் உண்டு. ஒரே தண்ணிதான் ரெண்டு பேர் வீட்டுக்குள்ளயும் வந்துச்சு. உங்க வகுப்புல அந்தப் புள்ளைங்களும் இருக்கும்ல அக்கா. நாம மட்டும் அழுத மாதிரி பேசிடாதீங்க.

முல்லைக்கடல்:

வணக்கம் ரீச்சர். நான் முல்லைத்தீவு, இப்ப இருக்கிறது வவுனியாவில. எங்கட பக்கம் இதை ஆழிப்பேரலை எண்டுதான் சொல்லுறது.

இலங்கையில 30,000க்கு மேல சனம் போனது. அம்பாறைக்குத்தான் பெரிய அடி. தெற்கில பெரலியவில ரயிலோட ஆயிரத்துக்கு மேல போனவை. அண்டைக்குக் கொஞ்ச நாள் இந்த நாட்டில ஆரும் ஆரையும் என்ன ஆக்கள் எண்டு கேக்கேல்ல. 2005 ஜூனில அரசும் புலிகளும் நிவாரணத்தைச் சேர்ந்து செய்யப் பொதுக்கட்டமைப்பு எண்டு ஒண்டு கைச்சாத்தானது. ஜூலையில நாட்டின்ர ஆக மேலான நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அதின்ர முக்கியமான பகுதிகளை நிப்பாட்டிப் போட்டுது. அதே பேரலையில எங்களைவிட மோசமா அழிஞ்ச இந்தோனேசியாவின்ர அச்சேயில, ஆகஸ்ட் 15 ஹெல்சிங்கியில சமாதானம் எழுதினவை. முப்பது வருசச் சண்டை அங்க நிண்டுது. எங்களுக்கு 2009 வந்தது.

ஆழிப்பேரலையில எங்கட தங்கச்சி போனவ. 2009ல அப்பா. வீட்டில ரெண்டு படமும் இருக்கு. நான் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில மாட்டப் போக அம்மா விடேல்ல. தங்கச்சின்ர படம் சாமி அறையில, அப்பான்ர படம் வாசலுக்கு நேர. "அது கடல் செய்தது, இது மனிசர் செய்தது. ரெண்டுக்கும் ஒரே விளக்கு ஏத்தாத" எண்டு சொல்லுவா. டிசம்பர் 26க்கு ஒண்டு, மே 18க்கு ஒண்டு. எங்கட அம்மா பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போட நிண்டவ. எது பெரிசு எண்டு அவ ஒருநாளும் கேட்டதில்லை. எது ஆரால வந்தது எண்டதைத்தான் பிரிச்சு வைக்கிறா. உங்கட அத்தானுக்கும் இதைக் காட்டுங்கோ.

தாது வருஷம்:

டீச்சர், உங்கள் அத்தான் வங்காளத்தை இழுத்தது எனக்குத் தவறாகப் படவில்லை. எதற்காக இழுத்தார் என்பதில்தான் சிக்கல். மேலே எழுதியவருடைய அம்மா பிரித்துவைத்த கோட்டிலேயே நானும் போகிறேன்.

1943ல் வங்காளத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்? விசாரணைக் கமிஷன் சொன்னது சுமார் 15 லட்சம். பின்னால் வந்தவர்கள் 20 லட்சம், 30 லட்சம் என்கிறார்கள். அந்த இடைவெளியையே பாருங்கள். பதினைந்து லட்சம் மனிதர்கள் இருந்தார்களா இல்லையா என்றே உறுதி இல்லை. கல்கத்தாவில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை 1943 ஆகஸ்டில் தெருவில் கிடந்தவர்களின் படங்களைத் துணிந்து வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. உங்கள் அத்தை பேர் அன்னக்கூடையில் இருக்கிறது, பட்டியலிலும் இருக்கிறது. அந்த மக்களுக்கு இரண்டும் இல்லை. அவர்களுக்கு நாம் விளக்கு ஏற்றவில்லை என்பது உங்கள் அத்தைக்கு ஏற்றாமல் இருக்கக் காரணம் ஆகாது.

வங்காளம் வரைக்கும் போக வேண்டாம். நம் பாட்டிகள் "தாது வருஷப் பஞ்சம்" என்பார்கள். 1876 முதல் 78 வரை. சென்னை மாகாணம் உள்பட இந்தியாவில் இறந்தவர்கள் பல லட்சம், குறைந்த மதிப்பீடே 50 லட்சத்தைத் தாண்டுகிறது. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் தர்பார் நடந்துகொண்டிருந்தது. இங்கே நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூடவே ஓரணா என்று, பஞ்ச நிவாரணத்தைப் பார்க்க ஆங்கில அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அதில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான் சென்னைக்குள் அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. தினமும் லட்சம் பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். ஒரு கல் இல்லை, ஒரு நாள் இல்லை.

இன்னொரு பழைய குரல். பூம்புகார் உங்களுக்குப் பக்கம்தான். மணிமேகலையில் புகாரைக் கடல் கொண்டது எப்படி? மகனை இழந்த சோழன் நெடுமுடிக்கிள்ளி, அவனைத் தேடித் திரிந்த துக்கத்தில் இந்திர விழாவை மறந்துவிடுகிறான். அதனால் கடல் வந்தது என்கிறது காப்பியம். எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் ராஜா மேல்தான் இரக்கம் வரும். ஊர் அழிந்ததுக்கு யாரையாவது குற்றவாளி ஆக்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியிருக்கிறது. "கடலம்மா கோவம்" என்று பிள்ளைகள் சொன்னால், யார் என்ன தப்பு செய்தார்கள் என்று அவர்கள் தேட ஆரம்பிப்பார்கள். அதை மட்டும் அன்போடு தடுத்துவிடுங்கள்.

கரைத்தெரு டீச்சர்:

பேசி முடித்துவிட்டேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி. எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும் இல்லையா.

முந்தின நாள் சாயங்காலம் அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். எங்கள் பள்ளியில் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றுதான் அன்றைக்கு நின்றது. தென்னையைப் பிடித்துத் தப்பித்த அம்மா, அதிலிருந்து பார்த்த உயரத்தை நினைவு வைத்து, அந்தச் சுவரில் கையை வைத்தார்கள். வைத்த கையை எடுக்கவே இல்லை. நான்தான் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு மெதுவாக எடுத்துவிட்டேன்.

மறுநாள் பிரேயரில் எண் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அன்னக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையைப் பற்றிச் சொன்னேன், தம்பியைப் பற்றிச் சொன்னேன். சேரியில் கூலி வேலை போய் ஊரை விட்டே போனவர்களைச் சொன்னேன். சிமெலுவே பாட்டிகளைச் சொன்னேன். தாது வருஷத்தைச் சொல்ல நேரம் போதவில்லை, அதை எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தோடு எடுக்கலாம் என்று இருக்கிறேன். கடைசியில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, கஜா ராத்திரியை எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன். பெஞ்சு, அம்மா, ஓடு பறந்த சத்தம், எல்லாம் சொன்னான். பாதிப் பிள்ளைகளுக்கு அந்த ராத்திரி இருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்கள்.

அத்தானுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, "கூடையில எந்த எழுத்து நசுங்கியிருக்கு, போட்டோ எடுத்து அனுப்பு" என்று மட்டும் கேட்டார். அனுப்பினேன்.

பிரேயர் முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தக் கோட்டுக்குக் கீழே போய் நின்று பார்த்தார்கள். அந்தப் பையனுக்குத் தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. "இப்ப வந்தா எந்தப் பக்கம் ஓடணும் டீச்சர்?" என்று கேட்டான். பரீட்சைக்கு இன்னும் நேரம் இருந்தது. எச்.எம்.மிடம் கேட்டுக்கொண்டு ஏழாம் வகுப்பை மட்டும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புயல் பாதுகாப்புக் கட்டடம் வரைக்கும் வேகமாக நடந்து பார்த்தோம். பதினொரு நிமிஷம் ஆனது. நடுவில் வாய்க்கால் மதகில் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் போக முடிகிறது, அங்கேயே இரண்டு நிமிஷம் போய்விட்டது. கட்டடம் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். ஜனவரியில் பள்ளி திறந்ததும் மூன்றாம் வகுப்பைக் கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டும்.